‘வில்லி’யும் ‘நிக்கி’யும்: பெயரும் பொருளும்

கடித இலக்கியம் என்றவுடன் அறிஞர்களின் கடிதங்களையும் ஞானிகளின் கடிதங்களையும் எடுத்துப் பேசுவதே நம் வழக்கம். அரசர்கள் தமக்குள் எழுதிக் கொண்ட கடிதங்களை வரலாற்று ஆசிரியர்களிடம் விட்டுவிடுகிறோம். அவற்றையும் திறனாய்வின் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டிய தேவை உண்டு. அக்கடிதங்களில் பயின்ற சொற்களுக்கு விலை கொடுத்தவர்கள், அவற்றை எழுதியவர்கள் மட்டும் அல்லர்.

ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸுக்கு 1894 முதல் 1914 வரை கடிதங்கள் எழுதி வந்தார். புரட்சிக்குப் பின்னர் அவை ஜாரின் ஆவணங்களிலிருந்து வெளியுலகுக்கு வந்தன. 1904 முதல் 1907 வரை இருவரும் பரிமாறிக் கொண்ட தந்திகள் 1918ஆம் ஆண்டிலும், வில்ஹெல்மின் கடிதங்கள் 1920ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றன. இவற்றோடு, 1914ஆம் ஆண்டு ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 1 வரை இருவருக்கும் இடையே பறந்த தந்திகளையும் சேர்த்துப் படித்தால், இருபது ஆண்டுக் கால உறவு ஒன்றின் தொடக்கமும் முடிவும் நம் கண்முன் விரியும். அவற்றில் பேரரசர் ‘வில்லி’ என்றும், ஜார் ‘நிக்கி’ என்றும் செல்லப்பெயரிலேயே ஒப்பமிட்டார்கள்.

இந்தச் செல்லப்பெயர்களை வைத்துக்கொண்டு இரண்டு கருத்துகள் உலவி வருகின்றன. முதல் உலகப் போர் ஓர் அரச குடும்பத்தின் பங்காளிச் சண்டையே என்பது ஒன்று. அரசர்களுக்கு உறவு என்பதே கிடையாது, எல்லாம் வெறும் வேஷம் என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்குச் சுவையானவை. ஆனால் இரண்டுமே மூலத்தை ஊன்றிப் படியாதவர்களின் தீர்ப்புகள் என்பதே என் துணிபு.

அரபு இலக்கியத் திறனாய்வில் ‘லஃப்ழ்’ என்றும் ‘மஅனா’ என்றும் இரண்டு கலைச்சொற்கள் உண்டு. முன்னது சொல்; பின்னது பொருள். இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி, சொல்லின் சிறப்பு அது தனித்து நிற்பதில் இல்லை, எந்தத் தொடரில் எந்த உறவோடு நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது என்று நிறுவினார். அந்த அளவுகோலையே இங்குக் கையாள்வோம். ‘உறவினர்’ என்னும் சொல் இக்கடிதங்களில் எந்த இடத்தில் நிற்கிறது? அங்கு நின்று அது என்ன வேலை செய்கிறது?

ஒரு சொல்லின் வறுமை

முதலில் உறவு முறையைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்கு ஒன்பது மக்கள். மூத்த மகள் 1858இல் பிரஷ்ய இளவரசருக்கு மணமுடிக்கப்பட்டார். அவருடைய மகன்தான் 1859இல் பிறந்த வில்ஹெல்ம். மூத்த மகன் ஏழாம் எட்வர்டு, டென்மார்க்கின் இளவரசி அலெக்ஸாந்திராவை 1863இல் மணந்தார். அவர்களுடைய மகன் ஐந்தாம் ஜார்ஜ். அலெக்ஸாந்திராவின் தங்கை டாக்மார், 1866இல் ரஷ்யப் பட்டத்து இளவரசரை மணந்து மரியா ஃபியோதரோவ்னா என்னும் பெயர் பெற்றார். அவருடைய மகனே நிக்கோலஸ். விக்டோரியாவின் இன்னொரு மகள் ஆலிஸ் ஜெர்மனியின் ஹெஸ் நாட்டில் வாழ்க்கைப்பட்டார். அவருடைய மகள் அலிக்ஸ் 1894இல் நிக்கோலஸை மணந்து ரஷ்யப் பேரரசி ஆனார். அலிக்ஸின் தமக்கை எலிசபெத் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஜார் குடும்பத்தில் மருமகளாக நுழைந்திருந்தார். மற்றொரு தமக்கை ஐரீன், வில்ஹெல்மின் தம்பி ஹென்றிக்கே வாழ்க்கைப்பட்டவர்.

ஆங்கிலத்தில் இத்தனை பேருக்கும் ‘கசின்’ என்னும் ஒரே சொல்தான். வில்லிக்கும் நிக்கி ‘கசின்’, நிக்கிக்கும் ஜார்ஜ் ‘கசின்’. நம் மொழியோ அரபு மொழியோ இப்படி ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுவதில்லை. ஜார்ஜின் தாயும் நிக்கோலஸின் தாயும் உடன்பிறந்த சகோதரிகள். ஆகவே நிக்கோலஸுக்கு ஜார்ஜ் பெரியம்மா மகன். தமிழில் அது அண்ணன் முறை. அரபியில் ‘இப்னுல் காலத்’. ஜார்ஜின் தந்தையோ வில்ஹெல்முக்குத் தாய்மாமன். ஆகவே வில்ஹெல்முக்கு ஜார்ஜ் மாமன் மகன். ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் மாமி மகன். அது மச்சான் முறை. நிக்கோலஸின் மனைவி அலிக்ஸ், வில்ஹெல்முக்குச் சின்னம்மா மகள். எனவே வில்ஹெல்ம் தம் கடிதங்களில் செல்லமாக அழைக்கும் ‘நிக்கி’, உண்மையில் அவருடைய தங்கை மாப்பிள்ளை. இரத்த வழியில் பார்த்தால் இருவரும் ஜார் முதலாம் பால் மன்னரின் கொள்ளுப்பேரர்களுடைய மக்கள். நான்கு தலைமுறைக்கு முந்திய தொடர்பு அது.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், முறை தெரிந்தால்தான் கடமை தெரியும். அண்ணனுக்கு ஒரு கடமை, மச்சானுக்கு ஒரு கடமை, தங்கையின் வீட்டுக்கு ஒரு கடமை என்று வகுத்து வைத்த சமுதாயத்தில் உறவுச்சொல் என்பது ஒரு பொறுப்பின் பெயர். எல்லாரையும் ஒரே பெயரால் அழைக்கும்போது, அழைப்பில் இனிமை இருக்கலாம்; பொறுப்பு எது என்பது மங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மணமகள் தாய்வீட்டின் அன்பை மட்டும் சுமந்து வருவதில்லை. தாய்வீட்டின் புண்ணையும் சுமந்து வருகிறாள். 1864இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கின் மீது படையெடுத்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளைப் பறித்துக் கொண்டன. டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியான், மக்களை எங்கெங்கும் மணம் செய்து கொடுத்ததால் ‘ஐரோப்பாவின் மாமனார்’ என்று பெயர் பெற்றவர். அவருடைய இரு மகள்களும் இலண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் அரசிகளாக இருந்தபோதும் அந்த இழப்பை மறக்கவில்லை. பிரஷ்யாவின் மீது அவர்களுக்கிருந்த கசப்பு, அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வீடுகளிலும் குடியிருந்தது. திருமணங்கள் நாடுகளை இணைத்தன என்பார், அதே திருமணங்கள் பகையையும் வழியனுப்பி வைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடிதங்களின் குரல்

இனி நூலுக்குள் நுழைவோம். இக்கடிதங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எழுதியவர் ஜெர்மானியர், படித்தவர் ரஷ்யர். பாட்டியார் வீட்டு மொழி இருவருக்கும் பொதுவாயிற்று. அதனால் இக்கடிதங்களுக்கு ஒரு வீட்டு வாசனை வாய்த்தது உண்மை. நலம் விசாரிப்பு, பிள்ளைகள் பிறந்ததற்கு வாழ்த்து, வேட்டை, கப்பல் பயணம் ஆகியவை தாராளமாக வருகின்றன. வில்ஹெல்ம் எழுதத் தெரிந்தவர். காட்சியைக் கண்முன் நிறுத்துவதிலும், கேலி செய்வதிலும் கைதேர்ந்தவர். அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் நலம் விசாரித்த மறுபத்தியிலேயே குரல் மாறிவிடும். பிரான்சோடு ரஷ்யா செய்துகொண்ட உடன்படிக்கையைக் குறை கூறுவார். தம் மன்னரையும் அரசியையும் கொன்ற நாடு அது என்று 1895இல் நினைவூட்டுவார். ரஷ்யா கிழக்கு நோக்கித் திரும்ப வேண்டும், ஆசியாவிடமிருந்து ஐரோப்பாவையும் சிலுவையையும் காப்பது ஜாரின் கடமை என்பார். அதே கருத்தை ஓவியர் க்னாக்ஃபுஸைக் கொண்டு படமாக வரையச் செய்து, அதையும் ஜாருக்கு அனுப்பி வைத்தார். ஜாரின் பார்வை கிழக்கில் பதிந்திருந்தால் தம் கிழக்கெல்லை அமைதியாக இருக்கும் என்பதே உட்கருத்து. ரஷ்யா கிழக்கே சென்றது. 1904, 1905ஆம் ஆண்டுகளில் ஜப்பானிடம் தோற்றது. ஸுஷிமா நீரிணையில் அதன் கடற்படை அழிந்தது.

எகிப்தின் அல்கல்கஷந்தி ‘சுப்ஹுல் அஃஷா’ என்னும் பெருநூலில், அரசாங்க எழுத்தர் எந்த மன்னருக்கு எந்த விளியைக் கையாள வேண்டும் என்பதைப் பல தொகுதிகளில் விரித்துரைத்தார். இன்றைய வாசகருக்கு அந்தப் பட்டங்களின் அடுக்கு அலுப்பூட்டலாம். ஆனால் அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. விளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பேசுவது அரசு என்பது படிப்பவருக்குத் தெரியும். வில்ஹெல்மின் கடிதங்களில் அரசு, உறவினனின் சட்டையை அணிந்து கொண்டு வருகிறது. இதுவே இத்தொகுதியின் அடிப்படைக் குறை. செல்லப்பெயர் இங்கே அன்பின் வெளிப்பாடாக மட்டும் நிற்கவில்லை. அமைச்சர்களைச் சுற்றிக் கொண்டு உள்ளே நுழையும் பின்வாசலாகவும் பயன்படுகிறது.

டமாஸ்கஸிலிருந்து ஒரு கடிதம்

நம் வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய கடிதம் ஒன்று இத்தொகுதியில் உண்டு. 1898ஆம் ஆண்டு வில்ஹெல்ம் உதுமானியப் பேரரசில் பயணம் செய்தார். நவம்பர் 8ஆம் நாள் டமாஸ்கஸில், சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்துக்குச் சென்று வந்தபின், உலகின் முப்பது கோடி முஸ்லிம்களுக்கும் தாம் என்றும் நண்பர் என்று முழங்கினார். எகிப்தின் கவியரசர் அஹ்மத் ஷவ்கி அந்நிகழ்ச்சியைப் போற்றிக் கவிதை பாடினார். இஸ்லாமிய உலகில் பலர் நெகிழ்ந்தார்கள்.

அதற்கு மறுநாளே அவர் நிக்கோலஸுக்கு எழுதினார். ஜெரூசலத்தில் கிறிஸ்தவப் பிரிவினர் ஒருவரோடொருவர் பூசலிட்ட காட்சி முஸ்லிம்களின் முன் தமக்கு வெட்கத்தைத் தந்தது என்றும், எந்த மதமும் இல்லாதவராக அங்கே வந்திருந்தால் நிச்சயமாக இஸ்லாத்தைத் தழுவியிருப்பார் என்றும் அக்கடிதத்தில் குறிப்பிட்டார். இந்தச் செய்தியை மட்டும் பிய்த்தெடுத்து, வில்ஹெல்ம் உள்ளத்தால் முஸ்லிம் என்று மகிழ்ந்தவர்கள் அந்நாளில் இருந்தார்கள். கடிதத் தொகுதி முழுவதையும் படிப்பவர் அவ்வாறு மகிழ இயலாது. 1895இல் ஆசியாவுக்கு எதிராகச் சிலுவையைக் காக்கச் சொன்ன கையும், 1898இல் இதை எழுதிய கையும் ஒன்றே. 1914 ஜூலை இறுதியில், போர் நெருங்கிவிட்டது என்று கண்டவுடன், இஸ்லாமிய உலகம் முழுவதையும் இங்கிலாந்துக்கு எதிராகக் கொளுத்திவிட வேண்டும் என்று அரசாங்கத் தாள் ஒன்றின் ஓரத்தில் குறித்ததும் அதே கைதான்.

அந்த நொடியில் அவர் உணர்ந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பொறுப்பேற்காத உணர்ச்சி, யாருடைய தேவைக்கு வேண்டுமானாலும் கூலிக்குப் போகும். ஒருவரின் ஒரு வாக்கியத்தைக் கேட்டு மயங்கி அவரை நம்மவர் என்று கொண்டாடும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அதனால்தான் இக்கடிதத்தை விரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

கப்பலில் கையெழுத்தான உடன்படிக்கை

1905 ஜூலை 24. பின்லாந்துக் கரையோரம் பியோர்க்கோ என்னும் இடத்தில் இரு பேரரசர்களின் கப்பல்களும் சந்தித்தன. ஐரோப்பிய வல்லரசு ஒன்று தங்களுள் ஒருவரைத் தாக்கினால் மற்றவர் துணை நிற்பது என்று இருவரும் தாமே கையெழுத்திட்டார்கள். வில்லியும் நிக்கியும் உறவினராய் அமர்ந்து உலகின் தலைவிதியைத் தீர்த்துவிட்டதாக மகிழ்ந்தார்கள். ஊர் திரும்பியதும் ஜாரின் அமைச்சர்களான லாம்ஸ்டார்ஃபும் விட்டேயும், பிரான்சோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்கு இது முரண் என்று எடுத்துக் காட்டினர். பெர்லினில் முதலமைச்சர் பூலோ பதவி விலகுவதாகக் கூறினார். உடன்படிக்கை காகிதமாகவே கிடந்தது.

இதைக் கண்டு நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. நம் வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத், ஹிஜ்ரி 186ஆம் ஆண்டில் தம் மக்கள் அமீன், மஃமூன் ஆகிய இருவரையும் ஹஜ்ஜுக்கு அழைத்துச் சென்று, வாரிசுரிமை பற்றி இருவரும் அளித்த உறுதிமொழிகளை எழுதிக் கஃபாவிலேயே தொங்கவிடச் செய்தார். உலகில் அதனினும் புனிதமான இடம் ஏது? ஹாரூன் மறைந்து சில ஆண்டுகளுக்குள் அண்ணன் தம்பிப் போர் மூண்டது. கி.பி. 813இல் பக்தாதில் அமீன் கொல்லப்பட்டார். போருக்கு முன் இருவரும் எழுதிக் கொண்ட கடிதங்களைத் தபரி தம் வரலாற்றில் பதிந்து வைத்துள்ளார். மரியாதைக்கும் உறவுச்சொல்லுக்கும் அவற்றில் பஞ்சமே இல்லை.

ஆக, இது ஐரோப்பியரின் குறை அன்று, அதிகாரத்தின் இயல்பு. அமீனும் மஃமூனும் ஒரே தந்தைக்குப் பிறந்தவர்கள். ஆனால் அவர்களைச் சுற்றி நின்ற அமைச்சர்களும் படைத்தலைவர்களும் ஒரே தந்தைக்குப் பிறந்தவர்கள் அல்லர். அரசர்கள் உறவினராக இருக்கலாம். அரசுகள் உறவினராக இருப்பதில்லை.

ஓர் இரவு

1913 மே 24ஆம் நாள், வில்ஹெல்மின் ஒரே மகளின் திருமணத்துக்காக ஜார்ஜும் நிக்கோலஸும் பெர்லினுக்கு வந்தார்கள். மணமகனும் ஒன்பதாம் கிறிஸ்டியானின் பேரர்தான். மூவரும் ஒன்றுகூடிய கடைசித் திருமணம் அது. பதினான்கு மாதங்கள் கழிந்தன. ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சாரயேவோவில் கொல்லப்பட்டதன் தொடர்ச்சியாக, ஆஸ்திரியா செர்பியாவின் மீது போர் அறிவித்தது.

ஜூலை 29 அதிகாலையில் இரண்டு தந்திகள் ஒன்றையொன்று வழியில் கடந்தன. பழைய நட்பின் பெயரால், ஆஸ்திரியாவைத் தடுத்து நிறுத்துமாறு நிக்கி கேட்டார். அரச குலத்தவரைக் கொன்றவர்களைத் தண்டிப்பது எல்லா அரசர்களுக்கும் பொதுவான அக்கறை என்று வில்லி எழுதினார். ஒருவர் நட்பைச் சொன்னார்; மற்றவர் அரச சாதியைச் சொன்னார். போரில் சாகப் போகும் மக்களின் பேச்சு, முதல் தந்திகள் இரண்டிலும் முன்னே நிற்கவில்லை.

அன்று மாலை நிகழ்ந்ததே இத்தொகுதியின் உச்சம். முழுப் படைதிரட்டலுக்கு ஜார் ஒப்பளித்திருந்தார். இரவு வில்ஹெல்மின் தந்தி வந்தது. அதைப் படித்த நிக்கோலஸ் தம் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஆஸ்திரியாவை நோக்கிய பகுதிப் படைதிரட்டலோடு நிறுத்திக் கொள்ளச் செய்தார். உறவு வெறும் வேஷம் என்பவர்கள் இந்த இரவுக்கு என்ன விடை கூறுவார்கள்? ஒரு தந்தி, ஒரு பேரரசின் படையை ஓர் இரவு தடுத்து நிறுத்தியது.

ஆனால் ஓர் இரவுதான். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனவ் நீண்ட நேரம் வாதாடினார். முழுப் படைதிரட்டல் ஆணை மீண்டும் பிறந்தது. இரயில் அட்டவணைகளும் படைத்தலைவர்களின் திட்டங்களும் தந்திகளைவிட வேகமானவை. இதற்கிடையே, இச்சிக்கலை ஹேக் நகர நடுவர் மன்றத்துக்கு விடலாம் என்று நிக்கோலஸ் ஒரு தந்தியில் யோசனை கூறியிருந்தார். வில்ஹெல்மின் தந்திகளில் அதற்கு விடையே இல்லை. போர் மூண்டதும் ஜெர்மானிய அரசு தன் வெள்ளை அறிக்கையில் இத்தந்திகளை அச்சிட்டபோது, அந்த யோசனை அடங்கிய தந்தி விடுபட்டிருந்தது.

திறனாய்வாளன் கண்ணுக்கு ஒன்று தெளிவாகிறது. ஜூலை 30 முதல் தந்திகளின் நடை மாறுகிறது. முடிவின் சுமை முழுவதும் உன் தோளில்தான் என்னும் பொருள்பட வில்லி எழுதுகிறார். இது உறவினனுக்கு எழுதுவதன்று. நாளை இத்தாளைப் படிக்கப் போகும் உலகத்துக்கு எழுதுவது. ஆகஸ்ட் 1 மாலை, பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மானியத் தூதர் போர் அறிவிப்பைக் கையளித்துவிட்டார். அதற்குச் சில மணி நேரம் கழித்து, பெர்லினிலிருந்து ‘வில்லி’ என்னும் ஒப்பத்தோடு இன்னொரு தந்தி புறப்பட்டது. பொருள் இறந்த பின்னும் சொல் நடமாடியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பினாங்குத் துறைமுகத்தில்

1902இல் ரேவல் துறைமுகச் சந்திப்பு முடிந்து பிரியும்போது, வில்ஹெல்ம் தம்மை ‘அட்லாண்டிக் கடலின் தளபதி’ என்றும், நிக்கோலஸை ‘பசிபிக் கடலின் தளபதி’ என்றும் குறித்து வாழ்த்துச் சைகை அனுப்பினார். பேரர்கள் இருவர் கடல்களைப் பங்கிட்டு விளையாடிய விளையாட்டு அது.

அதன் முடிவு நம்மவர் வாழும் கரைகளில் நேர்ந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்து, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட ‘எம்டன்’ கப்பல், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பல் என்று கருதும்படி பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றை அது பொருத்தியிருந்தது. அங்கே நங்கூரமிட்டிருந்தது ‘ழெம்சுக்’ என்னும் ரஷ்யப் போர்க்கப்பல். ஸுஷிமாவின் பேரழிவில் தப்பிய மிகச் சில கப்பல்களுள் ஒன்று. எம்டன் அதை அங்கேயே மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் இறந்தார்கள். ‘அட்லாண்டிக் தளபதி’யின் கப்பல், ‘பசிபிக் தளபதி’யின் கப்பலை, அவர்களுடைய இன்னொரு உறவினரான ஜார்ஜின் துறைமுகத்தில் வைத்து மூழ்கடித்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தி வந்த ஊர் அது.

உறவு முறிந்ததன் சுமை அந்த மாலுமிகளோடு நின்றுவிடவில்லை. ஜார்ஜின் படையில் இந்திய முஸ்லிம் வீரர்கள் உதுமானியப் படையினருக்கு எதிராக நிறுத்தப்பட்டார்கள். நிக்கோலஸின் ஆட்சியில், 1916இல் துர்க்கிஸ்தான் முஸ்லிம்களைப் போர்க்களப் பின்புற வேலைகளுக்குக் கட்டாயமாக இழுக்க ஆணை பிறந்தது. எதிர்த்து எழுந்தவர்களும் அவர்தம் குடும்பத்தினருமாகப் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுக்கும் பெரியம்மா மக்கள் இருந்தார்கள். மாமன் மக்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களை யாரும் நூலாக்கவில்லை.

அண்ணனும் பெரியம்மாவும்

1917 மார்ச்சில் நிக்கோலஸ் முடி துறந்தார். ரஷ்யாவின் இடைக்கால அரசு கேட்டுக் கொண்டதன் பேரில், அவருக்கும் குடும்பத்துக்கும் புகலிடம் தருவதாக மார்ச் 22ஆம் நாள் பிரிட்டிஷ் அரசு இசைந்தது. நிக்கோலஸின் உருவச்சாயலிலேயே பிறந்தவரும், போர்க்காலம் முழுவதும் அவரோடு அன்புக் கடிதங்கள் பரிமாறியவருமான ஜார்ஜ் மன்னர், அந்த அழைப்பை விரும்பவில்லை. நாட்டில் எழக்கூடிய எதிர்ப்பு தம் அரியணையை அசைக்கும் என்று அஞ்சினார். அவருடைய செயலாளர் ஸ்டாம்ஃபர்டாம் பிரபு வெளியுறவு அமைச்சருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். ஏப்ரலில் அழைப்பு கைவிடப்பட்டது. பல ஆண்டுகள் இப்பழி பிரதமர் லாயிட் ஜார்ஜின் மேல் கிடந்தது. கென்னத் ரோஸ் 1983இல் வெளியிட்ட ஜார்ஜ் மன்னரின் வரலாற்று நூல்தான் உண்மையை விளக்கியது.

1917 ஜூலை 17ஆம் நாள் ஜார்ஜ் தம் வமிசத்தின் ஜெர்மானியப் பெயரைக் களைந்து ‘விண்ட்ஸர்’ என்னும் பெயரைச் சூடினார். சரியாக ஓராண்டு கழித்து, 1918 ஜூலை 16ஆம் நாள் கழிந்த இரவில், எக்கடரின்பர்க் நகரின் ஒரு வீட்டுக் கீழறையில் நிக்கோலஸும் அவர் மனைவியும் ஐந்து மக்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். புகலிடம் மறுக்கப்படாதிருந்தாலும் அவர்கள் ரஷ்யாவை விட்டு வெளியேற முடிந்திருக்குமா என்பது வேறு விவாதம். நம் விவாதம் சொல்லைப் பற்றியது. உறவுச்சொல் எழுத்தில் இருந்தது. கதவு திறக்க வேண்டிய நேரத்தில் அது எழவில்லை.

இத்தோடு கதையை முடித்தால், உறவே பொய் என்னும் கட்சி வென்றதாகிவிடும். முடிக்க இயலாது. நிக்கோலஸின் தாய் மரியா கிரிமியாவில் சிக்கிக் கொண்டிருந்தார். அவருடைய அக்காள் அலெக்ஸாந்திரா, தம் மகன் ஜார்ஜை விடாமல் வற்புறுத்தினார். 1919 ஏப்ரலில் ‘மார்ல்பரோ’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் சென்று மரியாவையும் உடனிருந்தோரையும் ஏற்றி வந்தது. அரியணையில் இருந்த அண்ணன் செய்யத் தவறியதை, எழுபது வயதைக் கடந்த பெரியம்மா செய்து முடித்தார். அவர் எழுதிய கடிதங்களை வைத்து யாரும் அரசியல் பேசவில்லை. அவர் தங்கையைக் காத்தார்.

ரஹிம்

அரபு மொழியில் உறவை இணைத்து வாழ்வதற்கு ‘ஸிலத்துர் ரஹிம்’ என்று பெயர். ‘ரஹிம்’ என்பது கருவறை. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் தொடங்கும்போதே இறையச்சத்தோடு கருவறை உறவையும் சேர்த்து நினைவூட்டுகிறது. ‘ஸிலத்’ என்றால் இணைத்தல், அது வினை. இரத்தம் தானாக வருவது. இணைப்பதை மனிதன் செய்ய வேண்டும். பதிலுக்குப் பதில் செய்பவன் உறவைச் சேர்ப்பவன் ஆகமாட்டான், மற்றவர் அறுக்கும்போதும் சேர்ப்பவனே அதற்குரியவன் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையின் சாரம். திருவள்ளுவரும் இக்கருத்துக்கே ‘சுற்றந்தழால்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். தழுவிக் கொள்ளுதல் என்பதும் வினையே.

இந்த அளவுகோலால் அளந்தால், வில்லி - நிக்கி கடிதங்களின் இலக்கியத் தகுதி விளங்கிவிடும். நடை உண்டு, நகைச்சுவை உண்டு, காட்சி உண்டு. ஆனால் உறவுச்சொல் அதற்குரிய வினை இல்லாமல் நிற்கிறது. எழுதியவர் பெற நினைத்தாரேயன்றி, அந்த உறவுக்காக எதையும் இழக்க ஒப்பவில்லை. இருபது ஆண்டுக் கடிதங்களில் ‘உனக்காக நான் இதை விட்டுக் கொடுக்கிறேன்’ என்று சொல்லும் இடத்தைத் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிட்டவில்லை. பங்காளிச் சண்டையால் போர் வந்தது என்பது பிழை. அரசுகளின் ஆசையும் அச்சமும் போரைக் கொணர்ந்தன. உறவு வேஷம் என்பதும் பிழை. அது உண்மையான பொருள்தான், ஆனால் செலவழிக்கப்படாத பொருள்.

வரலாறு ஒரு பின்னுரையும் எழுதியது. எக்கடரின்பர்க் அருகே 1991இல் தோண்டி எடுக்கப்பட்ட எலும்புகள் யாருடையவை என்று அறிய அறிவியலார் முயன்றனர். தாய்வழியாக மட்டுமே இறங்கும் மரபணுக் கூறு ஒன்றை ஒப்பிட வேண்டியிருந்தது. அலிக்ஸின் மூத்த தமக்கையுடைய மகளின் மகன், அன்றைய இங்கிலாந்து அரசியின் கணவர் பிலிப். 1993இல் அவர் அளித்த இரத்தத்தைக் கொண்டு, அலிக்ஸும் அவருடைய பெண் மக்களும் அடையாளம் காணப்பட்டார்கள். காணாமற்போயிருந்த இரு பிள்ளைகளின் எச்சங்கள் 2007இல் கிடைத்தன. கருவறைத் தொடர்பு எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் பொய் சொல்லவில்லை. வாழ்ந்தபோது புகலிடம் தர முடியாத உறவு, எலும்புகளுக்குப் பெயர் தந்தது.

நம் வீடுகளில் மகன் மகள்களுக்குச் சம்பந்தம் பேசும்போது, பெரிய இடத்து உறவு என்று பெருமைப்படுகிறோம். அழைப்பிதழில் முறைப்பெயர்களை வரிசையாக அச்சிடுகிறோம். தவறில்லை. ஆனால் அந்தப் பெயர்களுள் எதற்காக நாம் எதை விட்டுக் கொடுக்கச் சித்தமாக இருக்கிறோம் என்பதையும் அந்த வேளையிலேயே எண்ணிப் பார்ப்பது நல்லது. பெயர் அச்சில் ஏறுவது எளிது. பெரியம்மாவைப் போல் கப்பல் அனுப்பத்தான் மனம் வேண்டும். உறவுகளைச் சேர்த்து வாழும் அந்த மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!